டேரன் ஷான் தொடரின் கடைசிப் புத்தகம்: அந்த முடிவு ஏமாற்றமா, துணிச்சலா? (கதை முழுதும் பேசப்படும்)

மருதநிலா எழுதியது:

முன்னெச்சரிக்கை: பன்னிரண்டு புத்தகங்களின் கதையும் இங்கே மறைவில்லாமல் வரும். வாசிக்காதவர்கள் வாசித்துவிட்டு வாருங்கள், இழை எங்கும் போய்விடாது.

டேரன் ஷான் (நாயகன் பெயரும் அதுவே) எழுதிய வாம்பயர் தொடர் 2000-இல் ‘சர்க் டு ஃப்ரீக்’கில் தொடங்கி 2004-இல் ‘சன்ஸ் ஆஃப் டெஸ்டினி’யோடு முடிந்தது. மும்மூன்று புத்தகமாக நான்கு பகுதிகள். கடைசிப் புத்தகம் என்று பேச்செடுத்தாலே நம்மவர்கள் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள்: எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்துவிட்டார் என்று. எனக்கு அது ஒப்பவில்லை. பதின்பருவத்தினருக்கான திகில் கதைகளில் இவ்வளவு துணிந்த முடிவை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

ஆற்றங்கரையில் நடக்கும் கடைசி மோதலை எடுத்துக்கொள்ளுங்கள். வாம்பயர்களின் பகை இனமான வாம்பனீஸ்களுக்குத் தலைவனாகிவிட்ட பழைய நண்பன் ஸ்டீவை டேரன் வீழ்த்திவிடுகிறான். வேறொருவர் எழுதியிருந்தால் தொடர் அங்கேயே முடிந்திருக்கும். அப்போது விதியை ஆட்டிவைக்கும் கிழவர் மிஸ்டர் டைனி வந்து நின்று, இருவருக்கும் தகப்பன் தானே என்கிறார். இருவரில் எவன் பிழைத்தாலும் அவன் இருளின் அதிபதி ஆவான், அவன் கையால்தான் உலகம் நாசமாகும். பதினோரு புத்தகமாக நாம் வேண்டிக்கொண்டிருந்த வெற்றி கைக்கு வந்ததும் அதுவே கேடு என்று தெரிகிறது.

இந்த இடத்தில் டேரன் செய்வதைத்தான் நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். இருவரும் செத்தால்தான் அந்த விதி முறியும். ஸ்டீவ் குற்றுயிராகக் கிடக்கிறான். அவனை எழுப்ப வெறுப்பு ஒன்றுதான் மிச்சம். சிறுவயதிலிருந்து ஸ்டீவ் சந்தேகப்பட்டதெல்லாம் உண்மை, தன்னை வாம்பயராக்கிய கிரெப்ஸ்லியோடு சேர்ந்து திட்டம் போட்டுத்தான், கிரெப்ஸ்லியின் உதவியாளனாக ஸ்டீவுக்குக் கிடைக்க வேண்டிய இடத்தைப் பறித்தேன் என்று டேரன் பொய் சொல்கிறான். ‘நான் உனக்குத் துரோகம் செய்யவில்லை’ என்று தொடர் முழுவதும் புரியவைக்கப் பார்த்தவன், செய்யாத துரோகத்தைச் செய்ததாக ஒப்புக்கொண்டு, அந்தக் கோபத்தாலேயே குத்துப்பட்டுச் சாகிறான். தன் பெயர் கெட்டாலும் பரவாயில்லை என்று நினைக்கிற நாயகனை எத்தனை சிறார் புத்தகங்களில் பார்த்திருக்கிறோம்?

கார்முகில் எழுதியது:

ஆத்தங்கரை வரைக்கும் நீங்க சொல்றதுல எனக்கு மாற்றுக் கருத்தே இல்லைங்க. அதுக்கு அப்புறம் வர்ற அத்தியாயங்கள்தான் பிரச்சினை. ரெண்டு பேரும் தண்ணில விழுந்து செத்தாங்களா, அங்கேயே மூடியிருக்கணும். செத்தவங்க ஆன்மா அடைபட்டுக் கிடக்குற ஆன்மாக்களின் ஏரி, அதுலேர்ந்து மீட்பு, டைனி உண்டாக்குற குட்டை மனுசங்கள்ல ஒருத்தனா புது உடம்பு, காலத்துல பின்னாடி போறது, சின்ன வயசு டேரனைப் பயமுறுத்தி ஓட விடுறது... இதெல்லாம் எதுக்கு?

ஒன்பதாம் புத்தகத்துல கிரெப்ஸ்லி அந்தக் கழுமரக் குழிக்குள்ள விழுறப்போ நான் புத்தகத்தை மூடி வெச்சுட்டு அன்னைக்கு ராத்திரி திறக்கவே இல்லை. வாம்பனீஸ் தலைவனைக் கொன்னுட்டோம்னு நினைச்சு அந்த மனுசன் உயிரை விட்டாரு. செத்தது போலித் தலைவன், உண்மையான தலைவன் ஸ்டீவ்னு அடுத்த நிமிஷமே தெரியுது. அந்த வலிக்கு மதிப்பே அது நடந்து முடிஞ்சதுங்கறதுலதான் இருக்கு. செத்தவங்க செத்தவங்களாவே இருக்கணும். டேரன் வாம்பயரே ஆகலைன்னா நான் எதுக்காக அழுதேன்?

மருதநிலா எழுதியது:

கார்முகில், கிரெப்ஸ்லி பிழைத்தார் என்று எங்கே இருக்கிறது? டைனியின் மகள் இவானா சொல்லும் விளக்கத்தை மறுபடி பாருங்கள். காலத்தில் பின்னால் போனாலும் பெரிய நிகழ்வுகளை மாற்ற முடியாது. நடிப்பவர்களை மாற்றலாம், நாடகம் நடந்தே தீரும். டேரன் விலகினால் அந்த இடத்துக்கு வேறொருவன் வருவான். வாம்பயர் மலையும் போரும் அந்தக் குழியும் அப்படியேதான் இருக்கும். கதையிலிருந்து ஒரு பையன் மட்டும் விடுவிக்கப்படுகிறான். நீங்கள் அழுததை ஆசிரியர் திருப்பிக் கேட்கவில்லை.

அகவி எழுதியது:

அப்படியென்றால் அது இன்னும் மோசம் அல்லவா, மருதநிலா? டேரனுக்குப் பதிலாக வரப்போகிறவன் யார்? அவனுக்கும் ஒரு தங்கை இருப்பாள், அம்மா அப்பா இருப்பார்கள். டேரனைப் போல அவனும் செத்ததாக நடித்து, சவப்பெட்டிக்குள் உயிரோடு படுத்து, தன் வீட்டார் அழுவதைக் கேட்பானா? டேரன் தன்னைக் காப்பாற்றிக்கொண்டு இன்னொரு பிள்ளையை அந்தக் குழிக்கு அனுப்பிவைக்கிறான். இந்தக் கேள்வியை ஆசிரியர் நின்று எதிர்கொள்ளாமல் வேகமாகக் கடந்துவிட்டார் என்பதுதான் என் மனத்தாங்கல். முடிவு அழகாக இருக்கிறது, நியாயமாக இல்லை.

வன்னிமரம் எழுதியது:

நான் இந்தக் கதையை முதல் மங்காவிலதான் வாசிச்சனான். தகாஹிரோ அராய் வரைஞ்சது, ஜப்பானில 2006-இல இருந்து 2009 வரைக்கும் வார இதழில வந்தது, அதுவும் பன்னிரண்டு தொகுதி. பிறகுதான் நாவல்களுக்கு வந்தனான். அதால எனக்கு முடிவு முதலே தெரியும். தெரிஞ்சுகொண்டு வாசிக்கேக்கை ஒரு விசயம் நல்லா விளங்கிச்சுது. இந்த முடிவு திடீரெண்டு வந்து விழுந்தது இல்லை, பத்தாம் புத்தகத்திலயே அத்திவாரம் போட்டிருக்கிறார்.

‘த லேக் ஆஃப் சோல்ஸ்’ முழுக்க, டேரன்ர கூட்டாளியான குட்டை மனிசன் ஹார்காட் முந்தி ஆர் எண்ட கேள்விதானே. கடைசியில அந்த ஏரிக்குள்ள இருந்து இழுத்தெடுக்கிறது குர்டா ஸ்மால்ட்டை. வாம்பயர்களைக் காட்டிக்குடுத்தவன், கேவ்னர் எண்ட வாம்பயரைக் குத்திக் கொன்றவன். அவன்ர ஆன்மாவை எடுத்து, காலத்தில பின்னுக்கு அனுப்பி, ஹார்காட் எண்டு நடமாட விட்டிருக்கிறார் டைனி. செத்த ஒரு ஆள் குட்டை மனிசனாகி, தான் உயிரோட இருந்த காலத்துக்கே திரும்பி வரலாம் எண்ட விதி அங்கயே வாசகருக்குச் சொல்லியாச்சு. பன்னிரண்டாவதில டேரனுக்கு நடக்கிறதும் அதேதான். பத்தாவதைக் ‘கதைக்குச் சம்பந்தமில்லாத சாகசம்’ எண்டு தாண்டிப் போன ஆக்களுக்குத்தான் முடிவு ஒட்டாமல் கிடக்குது.

இன்னொண்டும் இருக்குது. முதல் புத்தகத்தில சர்க்கஸுக்குக் கிடைக்கிறது ரெண்டே ரெண்டு டிக்கெட். ஸ்டீவுக்கு ஒண்டு. மற்றது ஆருக்கு எண்டு முடிவெடுக்க, கடதாசித் துண்டுகளை மேல எறிஞ்சு பிடிக்கிறாங்கள். டேரன் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டுறான், சரியான துண்டு அவன்ர கைக்குள்ள வருது. சின்ன வயசில வாசிக்கேக்கை அதிர்ஷ்டம் எண்டு நினைப்பம். டைனி தகப்பன் எண்டு தெரிஞ்ச பிறகு அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கோ, முதுகு சில்லிடும்.

தென்னங்கீற்று எழுதியது:

வன்னிமரம் சொன்ன பத்தாம் புத்தக விஷயத்துக்கு என் முழு ஆதரவு. ஆனால் டைனி தகப்பன் என்பது எனக்கு இன்றுவரை ஜீரணமாகவில்லை. மஞ்சள் கோட்டும் பச்சை ரப்பர் பூட்ஸும் போட்டுக்கொண்டு, இதய வடிவக் கடிகாரத்தைத் தடவிக்கொண்டு, அழிவு நடக்கும் இடத்திலெல்லாம் சிரித்த முகத்தோடு வந்து நிற்கிற கிழவர் அவர். அவர் யார், அவருக்கு என்ன வேண்டும் என்று தெரியாமல் இருந்தவரைதான் பயம் இருந்தது. ‘இவர்கள் இருவரும் என் பிள்ளைகள்’ என்றதும் குடும்பச் சண்டை அளவுக்குச் சுருங்கிவிட்டார். அதைவிட, டேரனை வளர்த்த அப்பா ஒருவர் இருக்கிறாரே. மகன் செத்துவிட்டான் என்று நம்பி ஊரைவிட்டே போன மனிதர். அவரை ஒரே வரியில் ‘நீ அப்பன் இல்லை’ என்று ஒதுக்கிவிட்ட மாதிரி இருந்தது எனக்கு.

பன்னிரண்டில் வரும் மைதானச் சண்டையும் அவசரம்தான். டேரனின் காதலி டெபியும் போலீஸ் அதிகாரியாக இருந்த ஆலிஸ் பர்ஜெஸ்ஸும் வீடற்ற தெருவாசிகளைத் திரட்டி ஒரு படை கட்டுகிறார்கள். வாம்பயர்கள் துப்பாக்கியைத் தொடமாட்டார்கள் என்ற மரபுக்கு மனிதர்கள் தரும் பதில் அது. தனிப் புத்தகமே எழுதியிருக்கலாம். சில பக்கங்களில் வந்து போய்விடுகிறார்கள்.

செம்பருத்தி எழுதியது:

வேறு ஒரு பக்கத்திலிருந்து கேட்கிறேன். என் மகள் ஏழாம் வகுப்பு. பத்தாவது புத்தகம் வரை வந்துவிட்டாள், நானும் அவளோடு வாசித்துக்கொண்டு வந்தேன். அவளுக்கு முன்னால் பதினொன்றை முடித்துவிட்டு இப்போது தயங்கி நிற்கிறேன். பாம்புப் பையன் எவ்ரா தன் மூத்த மகனுக்கு டேரனின் நினைவாக ஷான்கஸ் என்று பெயர் வைத்திருக்கிறான். அந்தக் குழந்தையை ஸ்டீவ் கண்ணெதிரே கழுத்தை முறித்துக் கொல்கிறான். எனக்கே இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. பன்னிரண்டில் இதைவிடக் கொடூரமாக ஏதாவது இருக்கிறதா? அவளை நிறுத்திவைப்பதா, விடுவதா?

மருதநிலா எழுதியது:

செம்பருத்தி அக்கா, விடுங்கள். பன்னிரண்டில் இரத்தம் இருக்கிறது, ஆனால் ஷான்கஸ் அளவுக்கு ஒரு சாவு இல்லை. அதைவிட முக்கியம், பன்னிரண்டு அந்தச் சாவைத் தாங்கிப் பிடிக்கிறது. பதினொன்றோடு நிறுத்தினால்தான் பிள்ளைக்குக் கஷ்டம். எவ்ராவும் மெர்லாவும் மகனை இழந்து நிற்பதை அது ஒளிக்காமல் காட்டுகிறது. இன்னொரு பக்கம், பழிக்குப் பழியாக ஸ்டீவின் மகன் டேரியஸைக் கொல்லக் கையோங்கிய டேரன், அவன் தன் தங்கை ஆனியின் பிள்ளை என்று தெரிந்ததும் உடைந்துபோகிறான்.

பிறகு வருவது தொடரிலேயே எனக்குப் பிடித்த அத்தியாயங்களில் ஒன்று. செத்துப்போன அண்ணன் வளர்ந்துவிட்ட தங்கை முன்னால் போய் நிற்கிறான். பாதி வாம்பயருக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு வயதுதான் ஏறும், அதனால் தங்கை அவனைத் தாண்டிப் பெரியவளாகியிருக்கிறாள். டேரியஸின் உடம்பில் ஓடுவது வாம்பனீஸ் இரத்தம். அப்படியே வளர்ந்தால் ஒவ்வொரு முறை குடிக்கும்போதும் ஒரு ஆளைக் கொன்றாக வேண்டும். டேரன் தன் இரத்தத்தை அவனுக்குள் ஏற்றி அந்தச் சாபத்திலிருந்து வெளியே எடுக்கிறான். முதல் புத்தகத்தில் ஸ்டீவைக் காப்பாற்ற டேரன் கிரெப்ஸ்லியிடம் தன் இரத்தத்தை விற்றுப் பாதி வாம்பயரானான், கடைசியில் அதே ஸ்டீவின் மகனைக் காப்பாற்ற அதே இரத்தத்தைக் கொடுக்கிறான். ஷான்கஸுக்காக அழுத பிள்ளை இதை அவசியம் வாசிக்க வேண்டும். கூடவே இருங்கள், போதும்.

தென்னங்கீற்று, வளர்த்த அப்பாவைப் பற்றிச் சொன்னீர்களே. காலத்தில் பின்னால் போன டேரன் தன்னைத் திருப்பி அனுப்புவது யாரிடம்? அந்த அப்பா அம்மாவிடம். டைனி பெற்றிருக்கலாம், ஆனால் கடைசிப் பக்கங்களில் பையன் போய்ச் சேர்வது வளர்த்தவர் வீட்டுக்குத்தான். ஒதுக்கியதாக எனக்குத் தோன்றவில்லை.

சிலந்திவலை எழுதியது:

இவ்வளவு நேரம் யாரும் இவானாவைப் பற்றிப் பேசவில்லையே! பன்னிரண்டாம் புத்தகத்தில் டைனியை உண்மையில் தோற்கடித்தது அவள்தான்.

டேரன் செத்ததால் இருளின் அதிபதி வருவது நின்றது, சரி. ஆனால் டேரனின் ஆன்மா ஏரியில் கிடக்கிறது. அவனை அங்கே விட்டுவைத்தாலும் டைனிக்கு நட்டம் இல்லை. டைனிக்கு வெகுகாலமாக ஒரு ஆசை: மகள் இவானா ஒரு வாம்பயருக்கோ வாம்பனீஸுக்கோ பிள்ளை பெற வேண்டும், அந்தப் பிள்ளையை வைத்து அடுத்த ஆட்டத்தை ஆட வேண்டும். தொடர் முழுக்க மறுத்துவந்தவள், இப்போது அந்த ஆசையையே பேரப்பொருளாக்குகிறாள். வான்சா மார்ச் வாம்பயர், அவன் சகோதரன் கேனன் ஹார்ஸ்ட் வாம்பனீஸ். இருவர் பிள்ளைகளையும் ஒரே வயிற்றில் சுமக்க ஒத்துக்கொள்கிறாள், பதிலுக்கு டேரனின் விடுதலையைக் கேட்கிறாள். தகப்பனுக்கு ஒரு பிள்ளையைக் கொடுத்திருந்தால் அது அவர் கைப்பாவை. இரு குலத்துக்கும் பிறக்கும் பிள்ளைகள் என்பதால் இரண்டு இனமும் சண்டையை நிறுத்தி ஒன்றாகிற வழி திறக்கிறது. பல நூறு வருடப் பகையை வாளால் முடிக்க முடியாத ஆண்கள் செத்துக்கொண்டிருக்க, முடித்தது இவள்.

‘பெண்களுக்கு இந்தத் தொடரில் இடமே இல்லை’ என்று வேறொரு இழையில் எழுதியிருந்தார்கள். பெண் வாம்பயர் ஆரா செயில்ஸ் பாதியில் செத்துப்போகிறாள், டெபிக்கு இடம் போதாது, அதெல்லாம் உண்மைதான். ஆனால் ஆட்டத்தின் கடைசிக் காயை நகர்த்தியவள் ஒரு பெண்.

கார்முகில் எழுதியது:

இவானா விஷயம் அருமைங்க, சிலந்திவலை. ஆனா என் கேள்வி அப்படியேதான் நிக்குது. ஸ்டீவுக்கு என்ன ஆச்சு? டேரன் தப்பிச்சான், ஸ்டீவ்? முதல் புத்தகத்துல கிரெப்ஸ்லி அவன் இரத்தத்தை ருசி பார்த்துட்டு, கெட்ட இரத்தம்னு முகத்துக்கு நேரா சொல்லி விரட்டுறாரு. ஒரு சின்னப் பையன்கிட்ட! எனக்குக் கிரெப்ஸ்லியை உசுருக்கு மேல பிடிக்கும், ஆனா அந்த ஒரு வார்த்தைதான் ஸ்டீவை ஸ்டீவ் ஆக்குச்சுன்னு நான் நம்புறேன். திருத்தி எழுதுன கதையிலயும் அந்தப் பேச்சு நடக்கத்தானே போகுது?

வன்னிமரம் எழுதியது:

நடக்கும், ஆனா ஒரு ஆள் கேக்கமாட்டான். டேரன் மாடியில ஒளிச்சிருந்து அந்தப் பேச்சைக் கேட்டதுதான் எல்லாத்துக்கும் தொடக்கம். புத்தகத்தில எழுதி இல்லாததை நான் ஊகிச்சுச் சொல்லுறன்: டேரன் அங்க நிக்காட்டி கிரெப்ஸ்லியின்ர நச்சுச் சிலந்தி மேடம் ஆக்டா களவு போகாது, அது ஸ்டீவைக் கடிக்காது, மருந்துக்காக டேரன் தன்னை விக்கத் தேவையில்லை. ‘என்ர இடத்தை என்ர நண்பனே பறிச்சான்’ எண்ட புண் ஸ்டீவுக்கு வராது. கிரெப்ஸ்லி மேல கோபம் இருக்கும். ஆனா அவனை அழிச்சது ஒரு வாம்பயரின்ர புறக்கணிப்பு இல்லை, நண்பன் ஏமாத்திப்போட்டான் எண்ட நினைப்புத்தான். அதைக் களைஞ்சு விட்டதால ஸ்டீவுக்கும் ஒரு கதவு திறந்திருக்கு எண்டுதான் நான் வாசிக்கிறன்.

அகவி எழுதியது:

வன்னிமரம் அண்ணா, நல்ல வாசிப்பு. ஆனால் இடத்துக்கு வரும் அந்த வேறொரு பையன்?

மருதநிலா எழுதியது:

அகவி, உங்கள் கேள்வியோடு இரண்டு நாளாக உட்கார்ந்திருந்தேன். என் பதில் இது.

டேரன் விலகாமல் இருந்தால் அந்தப் பாதையின் முடிவில் யார் நிற்கிறார்? டைனியின் இரத்தத்தில் பிறந்த இருவர், யார் ஜெயித்தாலும் உலகம் போச்சு. டேரனுக்குப் பதிலாக வருகிறவன் டைனியின் மகன் இல்லை. அவன் துன்பப்படலாம், சாகலாம், கிரெப்ஸ்லிக்காக அழலாம். ஆனால் இருளின் அதிபதி ஆகும் விதி அவனுக்கு எழுதப்படவில்லை. டேரன் அவனுக்குக் கொடுப்பது, டைனியின் சூழ்ச்சி நடுவிலே இல்லாத ஒரு போர். அது சின்ன விஷயம் இல்லை. நியாயம் முழுசாகக் கிடைத்துவிட்டதா என்று கேட்டால், இல்லை. விதியைக் கொஞ்சம் நகர்த்தலாம், துடைத்தெறிய முடியாது என்பதுதான் இந்தத் தொடரின் உலகம். முழு நியாயம் கிடைத்திருந்தால் அதுதான் ஏமாற்று என்று நான் சொல்லியிருப்பேன்.

இன்னொன்று, யாரும் தொடாத பக்கம். முதல் புத்தகத்தின் முன்னுரையில் கதைசொல்லி, இது நடந்த கதை, பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன், என் பெயரும் உண்மையில் டேரன் ஷான் இல்லை என்கிறான். அட்டையில் இருப்பதோ அதே பெயர். ஆசிரியரின் சொந்தப் பெயர் டேரன் ஓஷானஸி, அயர்லாந்தின் லிமரிக் பக்கம் வாழ்பவர். சிறுபிள்ளை விளையாட்டு என்று பதினோரு புத்தகமாக அதைக் கடந்து வந்தோம். கடைசியில் குட்டை மனிதனாகத் திரும்பும் டேரன் தன் நாட்குறிப்புகளைச் சர்க்கஸ் முதலாளி மிஸ்டர் டாலிடம் ஒப்படைக்கிறான். வாம்பயர் ஆகாத அந்தப் பையன் வளர்ந்து பெரியவனான பிறகு அவை அவனுக்குப் போய்ச் சேரும். அவன் அவற்றைக் கதையாக எழுதுவான். நம் கையில் இருப்பது அந்தப் புத்தகம்.

கார்முகில், ‘நான் எதுக்காக அழுதேன்’ என்று கேட்டீர்கள். கிரெப்ஸ்லியின் சாவு நடந்ததா இல்லையா என்று தெரியாத ஒருவன், அதை எழுதிவைத்த இன்னொருவனை நம்பி நமக்குச் சொல்கிறான். டேரன் தன் வாழ்க்கையைத்தான் விட்டுக்கொடுத்தான், நினைவுகளை விட்டுக்கொடுக்கவில்லை. கிரெப்ஸ்லி, கேவ்னர், ஷான்கஸ், எல்லாரும் அந்த நாட்குறிப்பில் இருக்கிறார்கள். அழித்துவிட்டார் என்று சொல்லாதீர்கள்.

கார்முகில் எழுதியது:

நாட்குறிப்பு பத்தி சொன்னது நல்லாத்தான் இருக்கு. ஆனாலும் நான் என் இடத்துலேர்ந்து நகரலைங்க. எனக்கு இந்தத் தொடர் ஆத்துல முடியுது. அடுத்த தடவை வாசிக்கிறப்பவும் அங்கதான் மூடுவேன். :)

பனைநார் எழுதியது:

படத்தில் இந்த முடிவு எப்படி வருகிறது? இரண்டாம் பாகம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

சிலந்திவலை எழுதியது:

இரண்டாம் பாகமே இல்லை, பனைநார். 2009-இல் வந்த படம் முதல் மூன்று புத்தகங்களைப் பிழிந்து ஒன்றாக்கியது. ஜான் சி. ரைலி கிரெப்ஸ்லியாக நடித்தார். சர்க்கஸ் அரங்கம் மட்டும் கண்ணுக்கு நிறைவாக இருந்தது, புத்தகத்தின் இருட்டு அதில் இல்லை. படத்தை வைத்துத் தொடரை எடை போடாதீர்கள்.

செம்பருத்தி எழுதியது:

மருதநிலா, மகள் பதினொன்றை ஆரம்பித்துவிட்டாள். நான் பன்னிரண்டை முடித்துவிட்டேன். கிரெப்ஸ்லியின் இளமைக் கதை தனியாக நான்கு புத்தகம் இருக்கிறதாமே, அவளுக்கு எதை முதலில் கொடுக்க? காலவரிசைப்படி அதுதானே முன்னால் வருகிறது?

மருதநிலா எழுதியது:

பன்னிரண்டும் முடிந்த பிறகே கொடுங்கள் அக்கா. அந்த நான்கும் 2010-இலிருந்து 2012-க்குள் வந்தவை, கிரெப்ஸ்லி எப்படி முடிந்தார் என்று அறிந்த வாசகருக்காக எழுதப்பட்டவை. ஆலையில் வேலை பார்க்கும் சின்னப் பையனாகத் தொடங்குகிறார். கூட வளர்ந்த வூரை மேற்பார்வையாளன் கொன்றுவிட, அவனைத் தீர்த்துவிட்டு ஓடி, செபா நைல் என்ற முதிய வாம்பயரின் கையில் போய்ச் சேர்கிறார். இரண்டாம் புத்தகத்தில் ஒரு கப்பல் வருகிறது. அங்கே அவர் செய்வதை வாசித்தால் ‘என் கிரெப்ஸ்லியா இது’ என்று பிள்ளை புத்தகத்தைத் தூக்கி எறியக்கூடும், அங்கே நிறுத்தவிடாதீர்கள். கேவ்னரை வளர்த்தது யார், ஏன் வளர்த்தார் என்பதற்கு அந்தக் கப்பலில்தான் பதில். அதன்பின் வாம்பயர் மலைப் புத்தகங்களில் கேவ்னரும் கிரெப்ஸ்லியும் சேர்ந்து வரும் பக்கங்களை அவளை மறுபடி வாசிக்கச் சொல்லுங்கள், நீங்களும் வாசியுங்கள். வாசித்துவிட்டு இங்கே வந்து எழுதுங்கள், அதற்குத் தனி இழை போடலாம்.